ஸ்கேனுக்குப் பிறகு கூடிய காதிரைச்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இடது காதில் மட்டும் மூன்று ஆண்டுகளாக மெல்லிய இரைச்சல் கேட்டுவந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, அதன் காரணத்தைக் கண்டறிவதற்காக எடுக்கப்பட்ட எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் பிறகு அந்த இரைச்சல் பெருத்தது. வலது காதிலும் புதிதாக ஓர் இரைச்சல் தொடங்கியது. ஸ்கேன் முடிந்த ஒன்பதாம் நாள் அவர் என்னிடம் வந்தார். கேட்புத்திறனைச் சோதித்துச் சிகிச்சை தரும் ஆடியாலஜிஸ்ட் என்ற முறையில் ஒன்பது மாதங்கள் அவரைக் கவனித்ததன் பதிவு இது. அவருடைய ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி எழுதுகிறேன்.

இதை எழுதத் தூண்டிய எண்ணம் ஒன்று உண்டு. இரு காதிலும் சமமாக இரைச்சல் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படுவதில்லை. ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, இரு காதுகளின் கேட்புத்திறனில் வேறுபாடு இருந்தாலோ, செவி நரம்பையொட்டி வளரும் ஷ்வானோமா என்ற தீங்கற்ற கட்டி இல்லை என்று உறுதிசெய்வதற்காக எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறோம். அப்படிச் சொல்வது சரியே. ஆனால் ஏற்கெனவே காதால் அவதிப்படுபவரைத்தான் மருத்துவமனையிலேயே அதிகம் இரையும் கருவிக்குள் அனுப்புகிறோம் என்பதை அனுப்பும் நாமும் மறந்துவிடுகிறோம், வாங்கிப் படுக்கவைப்பவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

நோயாளியின் வரலாறு

அவர் பதிப்புத் துறையில் பிழைதிருத்துநர். வேலை முழுவதும் அமைதியான அறையில், தனியாக, தாளும் சிவப்பு மையுமாக நடப்பது. ஸ்கேனுக்கு முன் அவருடைய இரைச்சல் இரவில் மட்டுமே கேட்கும் அளவில் இருந்தது. தூக்கத்தை அது கெடுத்ததில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, காதுக்குத் தீங்கான மருந்துகள், சத்தமிகுந்த தொழில் என வழக்கமாகக் கேட்கும் எதுவும் அவர் வரலாற்றில் இல்லை.

ஸ்கேன் 3 டெஸ்லா (காந்தப் புலத்தின் வலுவைக் குறிக்கும் அலகு) கருவியில், கட்டி படத்தில் தெளிவாகத் தெரிய உதவும் காடோலினியம் மருந்து செலுத்தியும் செலுத்தாமலும், நாற்பது நிமிடங்களுக்குச் சற்று மேலாக நடந்திருக்கிறது. சிறு பொட்டலத்தில் இரண்டு பஞ்சு இயர்பிளக்குகளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். எப்படிப் பொருத்துவது என்று யாரும் காட்டவில்லை. தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற சுருள் பொருத்தப்பட்ட பிறகு கையைக் காதுவரை கொண்டுபோக இயலாது. மூன்றாவது வரிசைப் படங்கள் எடுக்கும்போது இடது காதின் பிளக் நழுவியதை உணர்ந்திருக்கிறார். அழைப்பதற்கான ரப்பர் குமிழ் கையிலேயே இருந்தும் அவர் அதை அழுத்தவில்லை. அழுத்தினால் முதலிலிருந்து எடுக்க நேரிடுமோ என்ற பயத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததாகச் சொன்னார். பல்லைக் கடித்தது என்பது இங்கே வெறும் வழக்கு அன்று. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெளியே வந்ததும் இரு காதும் அடைத்தது போலிருந்தது. அன்றிரவு இடது காதில் இரைச்சல் கூர்மையான கீச்சொலியாக மாறியது. மறுநாள் காலை வலது காதிலும் கேட்டது. ஸ்கேன் எடுத்த இடத்திற்குத் தொலைபேசியில் சொன்னபோது, ஸ்கேனால் அப்படியெல்லாம் ஆகாது என்று பதில் கிடைத்திருக்கிறது. மூன்றாம் நாள் அறிக்கை வந்தது: இடது உட்செவிக் குழாய்க்குள் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு ஷ்வானோமா.

"மெஷின் நின்னு போச்சு மேடம், ஆனா எனக்குள்ள அது இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு" என்பதுதான் என் அறையில் அமர்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

கருவியின் சத்தம் எங்கிருந்து வருகிறது

பெரிய காந்தத்தின் புலத்திற்குள் கிரேடியன்ட் சுருள்கள் எனப்படும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் பாயும் மின்னோட்டம் மிக வேகமாக மாற்றப்படும்போது, ஒவ்வொரு மாற்றத்திலும் சுருள்கள் உந்தப்பட்டு அதிர்கின்றன. ஒலிபெருக்கி வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். எந்த வகைப் படம் எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தட்டலாகவோ, துளைப்பான் போலவோ, அபாயச் சங்கு போலவோ சத்தம் மாறும். பொதுவாகக் காந்தப் புலம் வலுவாக இருந்தால் சத்தமும் கூடும். பல படவரிசைகள் 100 டெசிபலைத் தாண்டுகின்றன. மிக வேகமான சில வரிசைகள் அதற்கும் மேலே போகின்றன. சத்தம் 99 டெசிபலைத் தாண்டக்கூடுமானால் நோயாளிக்குக் காதுப் பாதுகாப்பு கட்டாயம் என்று பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலை சொல்கிறது. பாதுகாப்பின்றி ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களில் சிலருக்குக் கேட்புத்திறன் தற்காலிகமாகக் குறைந்ததை 1988இலேயே ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். எனவே "ஸ்கேனால் ஆகாது" என்ற பதில் தவறு. ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்ட காதுக்கு ஆகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே சரியான பதில். அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் இந்த நோயாளியின் கதை சிக்கியிருக்கிறது.

பரிசோதனையில் கண்டவை

செவிப்பறையும் நடுச்செவியும் நல்ல நிலையில் இருந்தன. ஒவ்வொரு சுருதியிலும் கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலியைக் காட்டும் ஆடியோகிராமில் வலது காது இயல்பான எல்லைக்குள் இருந்தது. இடது காதில் 4,000 ஹெர்ட்ஸில் 45 டெசிபலும் 8,000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலும் பதிவாயின. ஸ்கேனுக்கு நான்கு மாதங்களுக்கு முன் வேறிடத்தில் எடுத்த ஆடியோகிராமில் இடது காது 4,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல். ஐந்து டெசிபல் வேறுபாடு சோதனைக்குச் சோதனை இயல்பாகவே வரக்கூடியது. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. உட்செவியின் வெளி மயிர்ச்செல்களைச் சோதிக்கும் ஓட்டோஅகோஸ்டிக் எமிஷன் சோதனையில் இரு காதிலும் 6,000 ஹெர்ட்ஸ் அருகே பதில் பலவீனமாக இருந்தது. ஆனால் அந்தச் சோதனை ஸ்கேனுக்கு முன் எடுக்கப்படவில்லை என்பதால் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை.

இரைச்சலின் சுருதியையும் உரப்பையும் கருவியின் ஒலியோடு ஒப்பிட்டு அளந்தோம். சுருதி ஏறத்தாழ 6,000 ஹெர்ட்ஸ். உரப்பு, அந்தச் சுருதியில் அவரால் கேட்க முடிந்த மிகக் குறைந்த ஒலிக்கு மேல் 6 டெசிபல். காதிரைச்சல் உள்ள பெரும்பாலோருக்கு இந்த எண் இப்படிச் சிறிதாகவே வரும். இதை நோயாளியிடம் சொல்லும்போது மிகுந்த கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். "பாருங்கள், உங்கள் சத்தம் இவ்வளவுதான்" என்று சொன்னால், அவர் படும் பாட்டைப் பொய்யென்று சொன்னதாகவே அவருக்குக் கேட்கும். ஒலியின் அளவுக்கும் அது தரும் துன்பத்தின் அளவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதற்கான சான்றாக மட்டுமே நான் அதை எடுத்துக்காட்டினேன். துன்பத்தை அளக்க, 1996 முதல் பயன்பாட்டில் உள்ள, 25 கேள்விகள் கொண்ட காதிரைச்சல் பாதிப்பு வினாநிரல் இருக்கிறது. அதில் அவர் 100க்கு 68 பெற்றார். கடுமையான பாதிப்பு என்ற வகையில் அது அடங்கும். சாதாரண ஒலிகளும் அவரைத் துன்புறுத்தின: 70 டெசிபலிலேயே போதும் என்று கையை உயர்த்தினார்.

பிறகு ஒரு பொட்டலம் பஞ்சு பிளக்குகளைக் கொடுத்து, ஸ்கேன் அன்று பொருத்தியது போலவே பொருத்திக் காட்டச் சொன்னேன். பிளக்கின் நுனியை இரு விரலால் இலேசாக அமுக்கி, காதுத் துளையின் வாயில் வைத்து, கட்டைவிரலால் ஒருமுறை தள்ளினார். மூன்று நொடிகூட ஆகவில்லை. பிளக்கில் பாதிக்கு மேல் வெளியே நின்றது. பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் மஞ்சள் நிறம் தெளிவாகத் தெரிந்தது. அப்படியே அவரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்து, பிளக் உள்ளபோதும் இல்லாதபோதும் கேட்கும் மிகக் குறைந்த ஒலியை அளந்தோம். 1,000 ஹெர்ட்ஸில் அது தடுத்தது 8 டெசிபல் மட்டுமே. பிளக்கை மெல்லிய குச்சி போல மடிப்பில்லாமல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்கக் கற்றுக்கொடுத்து மீண்டும் அளந்தபோது 29 டெசிபல் தடுத்தது. அதே பிளக், அதே காது.

கணக்குக்காகக் கருவியின் சத்தம் 105 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிலையில் காதைச் சேர்வது 97 டெசிபல், மற்றொன்றில் 76. அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். அதன்படி 97 டெசிபலுக்கு அரை மணி நேரம்; 76 டெசிபலுக்குக் கட்டுப்பாடே இல்லை. தொழிற்சாலைக்கான விதியை ஸ்கேனுக்கு அப்படியே பொருத்த முடியாது. படவரிசைகளுக்கு நடுவே இடைவெளிகளும் உண்டு. ஆயினும் அந்தப் பெண்மணி ஆபத்தின் எல்லையில் இருந்தார் என்று சொல்ல இந்தக் கணக்கு போதும்.

என் மதிப்பீடு

ஸ்கேனின் சத்தம் அவருடைய உட்செவியைப் பாதித்திருக்கலாம். ஆடியோகிராம் மாறவில்லை என்பதால் பாதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குஜாவா, லிபர்மன் ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் எலிகளைக் கொண்டு காட்டியது இதுதான்: சத்தத்தால் குறைந்த கேட்புத்திறன் முழுமையாகத் திரும்பிய பிறகும், மயிர்ச்செல்களுக்கும் செவி நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பகுதி திரும்பாமல் போயிருந்தது. மனிதக் காதில் இது எந்த அளவுக்கு நேர்கிறது என்பதை உயிருடன் இருப்பவரிடம் நேரடியாக அளக்க வழியில்லை. எனவே "உங்கள் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அளக்கக்கூடிய புதிய இழப்பு எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அதை அவர் ஏற்றுக்கொண்டார். அதுவரை யாரும் அவ்வளவுகூட ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

அளக்கக்கூடிய, மாற்றக்கூடிய வேறு மூன்று காரணங்களும் இருந்தன. முதலாவது, நாற்பது நிமிடம் இறுகப் பிடித்த தாடை. தாடை, கழுத்துத் தசைகளிலிருந்து வரும் நரம்புச் செய்திகள் மூளைத்தண்டில் செவிவழிச் செய்திகளோடு கலக்கும் இடம் உண்டு. அதனால்தான் பலருக்குப் பல்லைக் கடித்தால் இரைச்சலின் அளவோ சுருதியோ மாறுகிறது. இவருக்கும் என் முன்னாலேயே மாறியது. ஸ்கேனுக்குப் பிறகு தூக்கத்திலும் பல்லை நெரித்துக்கொண்டிருப்பதாக வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாம் நாள் வந்த கட்டிச் செய்தி. புதிய இரைச்சலும் கட்டி என்ற சொல்லும் ஒரே வாரத்தில் வந்துசேர்ந்ததால், இரைச்சல் கேட்ட ஒவ்வொரு நொடியும் அவருக்குக் கட்டி வளரும் நொடியாகத் தோன்றியது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. மீண்டும் சத்தம் பட்டால் காது கெட்டுவிடும் என்று பயந்து, ஒன்பது நாட்களாகப் பகலிலும் இயர்பிளக் அணிந்திருந்தார். சன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்தி, தனி அறையில் படுத்தார். காதைக் காக்க எண்ணிச் செய்த இந்தக் காரியம்தான் இரைச்சலை வளர்த்தது. வெளியிலிருந்து வரும் ஒலி குறைந்தால் மூளையின் செவிப்புலம் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. 1953இல் ஹெல்லரும் பெர்க்மனும் நல்ல கேட்புத்திறன் கொண்ட 80 பேரை ஒலிபுகா அறையில் சில நிமிடங்கள் அமரவைத்தபோது, அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் தொடர்ந்து காதை அடைத்துவைத்தால், நல்ல காது உள்ளவர்களுக்கும் ஒலி கூர்மையாக உறைக்கத் தொடங்குகிறது என்று பிற்கால ஆய்வு காட்டியது. பாத்திரம் உரசும் ஒலி இவரைக் குத்தியதற்கும், 70 டெசிபலில் கை உயர்ந்ததற்கும் இதுவே பெருங்காரணம் என்று கருதினேன்.

கேட்புத்திறன் மூன்று நாட்களுக்குள் திடீரென இறங்கியிருந்தால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சையை விரைவில் தொடங்க வேண்டியிருக்கும். இவருக்கு அத்தகைய இறக்கம் இல்லாததால் காது மூக்கு தொண்டை மருத்துவர் அதைத் தரவில்லை. கட்டியைப் பொறுத்தவரை, சிறியதாக இருப்பதால் ஆறு மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆண்டுக்கொரு முறை பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மறுபடி ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டு, கட்டி வளர்ந்தாலும் பரவாயில்லை, அந்தக் குழாய்க்குள் போகமாட்டேன் என்றார். ஆகவே சிகிச்சைக்கு ஆறு மாதக் கெடு தானாகவே அமைந்தது.

சிகிச்சை

பிளக்குகளை ஒரேயடியாக எடுக்கச் சொல்லவில்லை. வீட்டிற்குள் முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு எனக் குறைத்து, மூன்றாம் வாரத்தில் உண்மையிலேயே சத்தமான இடங்களுக்கு மட்டும் என்று நிறுத்தினோம். அறையில் நாள் முழுவதும் மெல்லிய மழையொலி ஓடவைத்தோம். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு அதைக் கூட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இரைச்சல் கேட்கவும் வேண்டும், ஆனால் தனித்து நிற்காமல் பின்னணியோடு கலக்கவும் வேண்டும். மூளை எதற்குப் பழகவேண்டுமோ அது காதில் விழாவிட்டால் பழக்கம் உண்டாகாது. தாடைக்குப் பிசியோதெரபி தரப்பட்டது; பற்கள் நெரிபடாமலிருக்க இரவில் அணியப் பல் மருத்துவர் ஒரு பல்லுறை செய்துகொடுத்தார். மாத்திரைகள் எதுவும் இல்லை. 2014இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், ஜிங்கோ என்ற மூலிகை முதலிய துணைமருந்துகளையும் மனச்சோர்வு மாத்திரைகளையும் காதிரைச்சலுக்கென்றே தரவேண்டாம் என்று சொல்கிறது. அது பரிந்துரைப்பது, இரைச்சலைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சையை. அதற்காக ஓர் உளவியலாளரிடம் எட்டு வாரங்கள் அனுப்பினேன்.

இந்தச் சிகிச்சையின் திருப்பம் அவருடைய குறிப்பேட்டில் நடந்தது. முதல் நாள் முதலே அவர் இரைச்சலுக்கு ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டு வந்திருந்தார். நேரம், இடது, வலது என்று கோடு போட்ட மூன்று பத்திகள். மெய்ப்புத் திருத்தும் அதே சிவப்பு மை. சில நாட்களில் நாற்பது பதிவுகள். காதை விரலால் அடைத்துக்கொண்டு எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துத்தான் ஒவ்வொரு மதிப்பெண்ணும் போடப்பட்டிருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு எப்போதும் ஒன்பது. உளவியலாளர் எண்களை விட்டுவிட்டு, எண்களே இல்லாத இடங்களைத் தேடினார். நான்காம் வாரத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்தரைக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் இடையில் வரிசை வெறுமையாக இருந்தது. அன்று அச்சுக்குப் போகவேண்டிய நூலொன்றின் கடைசி மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அந்த நான்கு மணி நேரம் இரைச்சல் எங்கே போயிருந்தது என்று கேட்டபோது, நீண்ட நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து பதிவு நாளுக்கு இருமுறை என்றாயிற்று. பத்தாம் வாரத்தில் நின்றுவிட்டது. பன்னிரண்டாம் வாரத்தில் வினாநிரல் மதிப்பெண் 44. ஐந்தாம் மாத முடிவில் 26.

இரண்டாவது ஸ்கேன்

ஸ்கேனைத் தவிர்க்கவே முடியாதா என்று இருவரும் கதிரியக்க மருத்துவரிடம் கேட்டோம். சிடி ஸ்கேனில் சத்தம் குறைவு. ஆனால் உட்செவிக் குழாய்க்குள் இருக்கும் 5 மில்லிமீட்டர் கட்டியை அதில் நம்பிப் பார்க்க முடியாது. ஸ்கேனைக் குறைக்க முடியும் என்றார். கட்டி இருப்பது தெரிந்தாயிற்று, அளவு மட்டுமே வேண்டும் என்பதால், மருந்து செலுத்தாமல் உட்செவிக் குழாய்ப் பகுதிக்கு மட்டும் டி2 எனப்படும் நுண்ணிய படவரிசை போதும். 3 டெஸ்லாவுக்குப் பதில் 1.5 டெஸ்லா கருவி போதும். நாற்பது நிமிடம் பன்னிரண்டு நிமிடமாயிற்று. இதைக் கேட்டால் தருவார்கள் என்பது முன்பே எனக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அனுப்பும் கடிதத்தில் 'காதிரைச்சல் உள்ளவர், சத்தம் குறைந்த முறை வேண்டும்' என்று ஒரு வரி சேர்ப்பதை அதன்பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன்.

அன்று பிளக்குகளை அவரே உடைமாற்றும் அறையில், அவசரமில்லாமல் பொருத்திக்கொண்டார். சரியாக அமர்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு: பேச்சொலி கேட்கும் இடத்தில் இரு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி எடுக்க வேண்டும், பொத்தும்போது பெரிய வேறுபாடு தெரிந்தால் பிளக் சரியில்லை. தலைச் சுருளுக்குள் இயர்மஃப் நுழையாததால், டெக்னீஷியன் காதுகளின் இருபுறமும் பஞ்சுத் திண்டுகளை நெருக்கி வைத்தார். இரட்டைப் பாதுகாப்பு என்பதால் இரு மடங்கு தடுக்கும் என்று எண்ணக் கூடாது. கூடுதலாகக் கிடைப்பது சில டெசிபல்களே. எலும்பு வழியாக உட்செவியைச் சேரும் ஒலியை எந்த அடைப்பும் நிறுத்தாது. ஆனால் திண்டுகள் பிளக் நழுவாமல் பிடித்துக்கொண்டன. நழுவினால் குமிழை அழுத்தலாம், அந்த ஒரு வரிசையை மட்டும் திரும்ப எடுப்போம் என்று டெக்னீஷியன் முன்கூட்டியே சொன்னது, மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட அவரை நிதானப்படுத்தியது. பற்கள் ஒன்றையொன்று தொடாமல், நாக்கின் நுனியை மேற்பல்லுக்குப் பின்னால் இலேசாக வைத்துக்கொண்டு படுக்கப் பழகியிருந்தார். முடிந்ததும் அமைதியான அறைக்குப் போகாமல் மரங்களுக்கிடையே ஒரு மணி நேரம் நடந்தார்.

அன்றிரவு இரைச்சல் சற்றுக் கூடியது. கூடலாம் என்று முன்பே பேசியிருந்தோம். நான்காம் நாள் பழைய நிலைக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து வினாநிரலில் 30, ஒன்பதாம் மாதத்தில் 24. கட்டியின் அளவில் மாற்றம் இல்லை.

வலது காதின் இரைச்சல் போகவில்லை. அமைதியான அறையில் இன்றும் அவருக்கு அது கேட்கிறது. அது ஸ்கேனின் சத்தத்தால் வந்ததா, அல்லது எல்லோருக்குள்ளும் அடங்கிக் கிடக்கும் ஒலி பயத்தாலும் அமைதியாலும் வெளியே வந்ததா என்பதை இந்த நிகழ்வில் முடிவுசெய்ய இயலாது. முடிவுசெய்யத் தேவையான அளவீடு முதல் ஸ்கேனுக்கு முன் எடுக்கப்படவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும், 16,000 ஹெர்ட்ஸ்வரை ஆடியோகிராமும் ஓட்டோஅகோஸ்டிக் எமிஷன் சோதனையும் எடுப்பதற்கான தேதிகளை அவருடைய கோப்பில் இப்போதே குறித்துவைத்திருக்கிறோம்.